கொதிக்காத கஷாயம்

திருநள்ளாறு என்றதும் சனிப்பெயர்ச்சியும் நளதீர்த்தமும் எள் தீபமும் நினைவுக்கு வரும். தேவார மரபிலோ இந்த ஊரின் பெயர் ஒரு காய்ச்சலோடும் ஓர் ஓலையோடும் சேர்ந்து வழங்குகிறது. மதுரையில் பாண்டியன் நெடுமாறனை வெப்புநோய் வாட்டியது. அவன் உடலின் ஒரு பக்கத்தைச் சமண முனிவர்களும் மறுபக்கத்தைத் திருஞானசம்பந்தரும் எடுத்துக்கொண்டார்கள். சம்பந்தர் திருநீறு பூசிய பக்கம் குளிர்ந்தது. அடுத்து நடந்த அனல்வாதத்தில் அவர் நெருப்பில் இட்டது திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஓலை. அது கருகாமல் பசுமை மாறாமல் இருந்ததால் அந்தப் பாடலுக்குப் பச்சைத் திருப்பதிகம் என்று பெயர் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொல்லும் வரலாறு இது.

காய்ச்சல், பச்சிலை, நெருப்பு. இந்த மூன்றும் இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்திலும் ஒருமுறை கூடிவந்தன. அங்கே நெருப்பு வென்றது. சீனர்கள் சிங்ஹாவ் என்று அழைக்கும் ஒரு மூலிகையை ஆய்வாளர்கள் கொதிக்க வைத்தபோதெல்லாம் அதன் மருந்துக்குணம் அழிந்தது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழைய ஏட்டில் இருந்த ஒரு சிறு குறிப்பை டு யூயூ என்ற பெண் ஆய்வாளர் திரும்பப் படித்தார். அந்தக் குறிப்பில் அடுப்பே இல்லை. அதைக் கவனித்ததன் விளைவாக வந்த ஆர்ட்டிமிசினின் என்ற மருந்து மலேரியாவிலிருந்து லட்சக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கிறது. அந்தக் கண்டுபிடிப்புக்காக டு யூயூ 2015இல் நோபல் பரிசையும் பெற்றார்.

காவிரிக் கடைமடையில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சீனச் செடியின் கதை வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். மலேரியாவும் பாசனமும் பச்சிலை வைத்தியமும் ஓலைச்சுவடியும் இந்த மண்ணின் வரலாற்றிலும் பின்னிக் கிடக்கின்றன.

மாலையில் இருக்கும் உறவுகள்

சிங்ஹாவ் செடியின் தாவரவியல் பெயர் ஆர்ட்டிமிசியா ஆனுவா. சாமந்தி, சூரியகாந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓராண்டுப் பயிர், ஆள் உயரம் வளரும், இலைகள் பொடிப்பொடியாகப் பிளவுபட்டிருக்கும், கசக்கினால் கற்பூரம் கலந்தது போன்ற கார நெடி அடிக்கும். இதே பேரினத்தின் இன்னொரு இனம் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆர்ட்டிமிசியா பாலென்ஸ் என்று தாவரவியலார் எழுதுவதுதான் மரிக்கொழுந்து. மல்லிகைக்கும் கதம்பத்துக்கும் நடுவே பச்சையும் மணமும் சேர்க்க வைத்துக் கட்டப்படும் அந்தக் கொழுந்து கோயில் மாலைகளில் ஏறாத நாள் இல்லை. மாசிப்பத்திரியும் இதே பேரினம்தான். மேற்குத் தொடர்ச்சி மலைகளில் காணப்படும் ஒருவகைக்கு ஆர்ட்டிமிசியா நீலகிரிகா என்று நீலகிரியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். சித்த வைத்தியத்தில் அது மருந்துச் சரக்கு.

ஒரே பேரினம் என்பதால் குணமும் ஒன்றாகிவிடாது. மரிக்கொழுந்தின் மணத்துக்குக் காரணம் டவனோன் என்ற பொருள். அதன் எண்ணெய் வாசனைத் தொழிலுக்குப் போகிறது. மலேரியா மருந்துக்கான ஆர்ட்டிமிசினினை வணிக அளவில் எடுப்பது ஆனுவா இனத்தின் இலையிலிருந்துதான். சீனாவிலேயே சிங்ஹாவ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வழங்கின. அவற்றுள் ஆர்ட்டிமிசியா அபியாசியாவில் இந்த மருந்து இல்லை. எந்த இனம், எந்தப் பாகம், எந்தப் பருவம், எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத்தான் அங்கே விடை கண்டார்கள்.

போர் தேடிய மருந்து

தேடல் தொடங்கியது போரில். 1960களில் வியட்நாம் காடுகளில் குண்டுகளோடு போட்டிபோட்டுக்கொண்டு மலேரியா படைவீரர்களைச் சாய்த்தது. அதுவரை நம்பகமாக இருந்த குளோரோகுயின் மாத்திரைக்கு நோய்க்கிருமி அடங்க மறுத்தது. பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகைக் கிருமி 1950களின் இறுதியிலேயே தாய்லாந்து, கம்போடியா எல்லையில் அந்த எதிர்ப்பாற்றலைப் பெற்றிருந்தது. வட வியட்நாம் சீனாவிடம் உதவி கேட்டது. 1967 மே 23 அன்று சீன அரசு ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. மாதத்தையும் நாளையும் சேர்த்து அதற்கு 523 என்று பெயரிட்டார்கள்.

பெய்ஜிங்கில் உள்ள சீன மரபு மருத்துவக் கழகத்தில் பணியாற்றிய டு யூயூ 1969இல் இந்தத் திட்டத்துக்குள் வந்தார். அவருடைய படிப்பு மருந்தியல். மரபு மருத்துவத்திலும் பயிற்சி பெற்றிருந்தார். குழு முதலில் சோதனைக்கூடத்துக்குப் போகவில்லை. ஏடுகளைப் புரட்டியது, மூத்த வைத்தியர்களைக் கேட்டது, ஏறத்தாழ 2,000 மருந்து முறைகளைத் திரட்டியது. அவற்றுள் 640 முறைகள் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தொகுப்பாகப் பதிவாயின. பிறகு சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380க்கு மேற்பட்ட சாறுகளை எடுத்து, மலேரியா ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

சிங்ஹாவ் ஒருமுறை நல்ல பலன் தந்தது; மறுமுறை கைவிட்டது. இந்தத் தடுமாற்றத்தின் காரணத்தைத் தேடித்தான் டு யூயூ பழைய நூல்களுக்குத் திரும்பினார். நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் என்ற அறிஞர் அவசர காலத்துக்கென்று எழுதிய மருத்துவக் கையேட்டில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு கைப்பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தச் சாற்றை முழுவதுமாகக் குடிக்கச் சொல்கிறது அது. காய்ச்சச் சொல்லவில்லை. சீன வைத்தியத்தில் பெரும்பாலான மூலிகைகள் கொதிக்கவைத்துக் கொடுக்கப்படுபவை. இங்கே மட்டும் ஏன் ஊறலும் பிழிசாறும்? சூடு மருந்தைக் கெடுப்பதாக இருக்குமோ?

தண்ணீரில் காய்ச்சுவதை விட்டுவிட்டு, குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறு இறக்கினார்கள். தண்டை ஒதுக்கி இலையை மட்டும் எடுத்தார்கள். சாற்றில் இருந்த அமிலப் பகுதியைப் பிரித்து நீக்கியதும் நஞ்சும் குறைந்தது. 1971 அக்டோபர் 4 அன்று சோதித்த 191ஆம் எண் மாதிரி, எலிகளின் இரத்தத்தில் இருந்த கிருமிகளை முழுவதுமாக ஒழித்தது. குரங்குகளிலும் அதே பலன் கிடைத்தது.

நஞ்சு பற்றிய ஐயம் முழுதாகத் தீரவில்லை. மலேரியாப் பருவமோ கடந்துகொண்டிருந்தது. 1972 ஜூலையில் டு யூயூவும் உடன் பணியாற்றிய இருவரும் அந்த மருந்தை முதலில் தாங்களே உட்கொண்டார்கள். அடுத்த மாதம் ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது, இரத்தத்தில் கிருமிகள் மறைந்தன. அந்த ஆண்டின் இறுதிக்குள் மருந்துப் பொருளைத் தூய படிகமாகப் பிரித்துவிட்டார்கள். அதன் கட்டமைப்பை அறிய மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. 1977இல் வெளிவந்த முதல் ஆய்வறிக்கையில் தனி ஆளின் பெயர் இல்லை; குழுவின் பெயர்தான் இருந்தது. ஷாங்காய், யுன்னான், ஷாண்டோங் எனப் பல இடங்களின் ஆய்வாளர்கள் இதில் உழைத்திருந்தார்கள். பெய்ஜிங் பகுதிச் செடியில் மருந்து குறைவு, சிச்சுவான் பகுதிச் செடியில் மிகுதி என்ற கண்டுபிடிப்பும் அப்படிப் பலர் கைபட்டு வந்ததே.

இலைக்குள் நடப்பது என்ன

ஆர்ட்டிமிசினின் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு பாலம்போல நிற்கின்றன. இந்தப் பெராக்சைடு பாலம்தான் அதன் ஆயுதம். மலேரியாக் கிருமி மனிதனின் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைச் செரிக்கிறது. அப்போது இரும்பு கொண்ட ஹீம் வெளிப்படுகிறது. அந்த இரும்பு பாலத்தை உடைக்க, உடைந்த துண்டுகள் தீவிர வினையாற்றும் பொருள்களாகிக் கிருமியின் புரதங்களைத் தாக்குகின்றன. கிருமி தன் உணவாலேயே மருந்தைத் தூண்டிவிட்டு மடிகிறது. இரண்டு நாள் நீளும் ஒரு வளர்ச்சிச் சுற்றில் கிருமிகளின் எண்ணிக்கையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் வேகம் இதற்கு உண்டு.

வேகம் உண்டு, நீடிப்பு இல்லை. உடலில் நுழைந்த சில மணி நேரத்தில் இது கரைந்துபோகும். அதனால் நெடுநேரம் தங்கும் வேறொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வற்புறுத்துகிறது. மூளையைத் தாக்கும் கடும் மலேரியாவுக்கு இதன் வழிப்பொருளான ஆர்ட்டிசுனேட் ஊசி. இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், குயினைன் ஊசி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 விழுக்காடு. ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்விலும் இறப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நூற்றாண்டுகளாகக் கோலோச்சிய குயினைன் அதன்பின் இரண்டாம் இடத்துக்குப் போனது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆர்ட்டிமிசியா தேநீர் குடித்தால் மலேரியா வராது, வந்தாலும் போய்விடும் என்ற விளம்பரம் உலகெங்கும் உலவுகிறது. ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் அரிதாகவே கரையும். 2004இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், ஒன்பது கிராம் உலர் இலையில் ஒரு லிட்டர் தேநீர் தயாரித்து அளந்தபோது, ஒரு நாளைக்குத் தேவையான மருந்தில் ஐந்தில் ஒரு பங்குகூட அதில் இறங்கவில்லை. காய்ச்சல் இரண்டு நாள் தணியும். கிருமி முழுதாகச் சாகாது. குறைந்த அளவு மருந்தைச் சந்தித்துப் பிழைத்த கிருமி எதிர்ப்பாற்றல் பெற வழி திறக்கும். செடியின் இலையை நேரடியாக மலேரியா மருந்தாகப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் ஏற்பதில்லை. ஏட்டின் குறிப்பு ஆய்வுக்கு வழிகாட்டியது. அதைச் சரியான அளவும் தரமும் கொண்ட மருந்தாக்கியது அதன்பின் வந்த வேதியியல்.

பிரெஞ்சுப் பட்டை, நீலகிரிச் சீனர்

காரைக்கால் 1739இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. திருநள்ளாறும் அந்த ஆட்சிக்குள் இருந்த ஊர். மலேரியாவுக்கான முதல் தூய மருந்தைத் தந்ததும் அதே பிரெஞ்சு நாடு. 1820இல் பாரிஸில் பெல்த்தியே, காவந்தூ என்ற இரு வேதியியலார் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1823இல், புதுச்சேரியில் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்றைய ஜிப்மரின் வேர் அது. 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

தென்னமெரிக்கச் சிங்கோனாவை ஆங்கிலேயர் 1860களில் நீலகிரியில் பயிரிட்டார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் குயினைன் ஆலை வந்தது. அந்தத் தோட்ட வேலைக்கு மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் பயன்படுத்தப்பட்டார்கள். சிறையிலிருந்து விடுபட்டபின் அவர்களில் சிலர் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து குடும்பமானதை இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். சீன மூலிகை உலக மருந்தாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மலேரியா மருந்துக்காகச் சீனர்கள் தமிழ் மலையில் வியர்வை சிந்தியிருக்கிறார்கள்.

காவிரியும் காய்ச்சலும்

டெல்டாவின் மலேரியா வரலாற்றில் பட்டுக்கோட்டைக்குத் தனி இடம் உண்டு. 1934இல் மேட்டூர் அணை திறந்தது. கல்லணைக் கால்வாய் வழியாகப் பழைய தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதிக்குப் புதுத் தண்ணீர் பாய்ந்தது. நெல்லோடு காய்ச்சலும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மலேரியா நிபுணர் பால் ரஸ்ஸல் தன் குழுவோடு 1930களின் பிற்பகுதியில் அங்கே முகாமிட்டார். அவருடைய முடிவு இன்றைக்கும் பொருந்துவது: பாசனம் நோயைக் கொண்டுவரவில்லை, ஒழுங்கற்ற பாசனமே கொண்டுவந்தது. கரை போட மண் எடுத்த குழிகள், கசியும் மதகுகள், வடியாத வாய்க்கால்கள் ஆகியவற்றில்தான் அனோஃபிலஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு பெருகியது.

வயலில் ஒரு விந்தையும் தெரிந்தது. நடவு முடிந்த புதிதில் அந்தக் கொசு வயல்நீரில் முட்டையிடும். பயிர் ஓர் அடி உயர்ந்ததும் வருவதை நிறுத்திவிடும். ரஸ்ஸலும் டி. ராமச்சந்திர ராவும் இதைச் சோதித்து 1942இல் எழுதினார்கள். முட்டையிடும் முன் தண்ணீரை ஒட்டிப் பறந்து ஆடும் கொசுவுக்கு நெருக்கமாக நிற்கும் தாள்களே தடை. பயிருக்குப் பதிலாகச் செங்குத்துக் குச்சிகளை நட்டாலும் அதே விளைவுதான். ராமச்சந்திர ராவ் பின்னாளில் புனே நச்சுயிரியல் ஆய்வு மையத்தின் இயக்குநரானார்.

பட்டுக்கோட்டையில் ரஸ்ஸல் குழு சோதித்த இன்னொரு முறை வீட்டுக்குள் மருந்து தெளிப்பது. வீடுகளிலும் மாட்டுக் கொட்டில்களிலும் வாரந்தோறும் பைரீத்ரம் தெளித்துக் கொசுக்களைக் கொன்றார்கள், மலேரியா குறைந்தது. டி.டி.டி. புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. பைரீத்ரம் ஒருவகைச் சாமந்திப் பூவிலிருந்து எடுக்கப்படுவது. சிங்ஹாவும் மரிக்கொழுந்தும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தின் பூ ஒன்று, சீன மருந்துக்கு முப்பது ஆண்டுக்கு முன்பே காவிரிப் படுகையில் மலேரியாவை எதிர்த்து நின்றிருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அதற்கு முன் நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடி பேருக்கு நோயும் எட்டு லட்சம் இறப்பும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1965இல் நோயாளிகளின் எண்ணிக்கை ஒரு லட்சம் என்ற அளவுக்கு இறங்கியது. பிறகு கவனம் தளர்ந்தது. 1976இல் 64 லட்சம் பேருக்குமேல் பாதிக்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் புதுச்சேரியில் நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் தொடங்கப்பட்டிருந்தது. குளோரோகுயினுக்கு அடங்காத கிருமி 1973இல் அசாமில் தென்பட்டதால், சீன மருந்துக்கான தேவை இந்தியாவுக்கும் வந்துசேர்ந்தது.

லக்னோவில் வளர்ந்தது, காரைக்காலில் வளருமா

1980களில் லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் ஆனுவா செடியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து ஜீவன்ரக்‌ஷா போன்ற ரகங்களை உருவாக்கியது. அதே நகரத்தின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து ஆர்ட்டீதர் என்ற ஊசி மருந்தையும் ஆக்கியது. 1997இல் அது விற்பனைக்கு வந்தது. பின்னர் வட மாநிலங்களில் ஒப்பந்த முறையில் பயிரிடுவதும் பரவியது.

காரைக்கால் வண்டலில் இதைப் பயிரிடலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. தடை மண்ணில் இல்லை, பகலில் இருக்கிறது. ஆனுவா பகல் நீளத்தைக் கணக்குவைக்கும் செடி. பகல் சுமார் பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் கீழே குறைந்தால் பூக்கத் தொடங்கிவிடும். பூத்துவிட்டால் இலை பெருகாது. மருந்து இலையில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து பதினோரு பாகை வடக்கே இருக்கும் திருநள்ளாற்றில் ஆண்டின் மிக நீண்ட பகலும் பதின்மூன்று மணியைத் தொடுவதில்லை. அதனால் சாதாரண ரகங்கள் இங்கே இளமையிலேயே பூத்து ஓய்ந்துவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் குளிர்ந்த மேட்டுநிலங்களில் பயிரிட, தாமதமாகப் பூக்கும் ரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. விதை வாங்கித் தோட்டத்தில் போட்டுவிட்டால் மருந்து விளைந்துவிடும் என்று யாரும் நம்பவேண்டாம்.

கிருமியும் சும்மா இல்லை. 2008இல் மேற்குக் கம்போடியாவில் ஆர்ட்டிமிசினினுக்கு மெதுவாகவே அடங்கும் கிருமிகள் பதிவாயின. 2014இல் அதற்குக் காரணமான மரபணு மாற்றம் தெரியவந்தது. பிறகு ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் அதே தன்மை தலைகாட்டியது. தனி ஆர்ட்டிமிசினின் மாத்திரை விற்பனையை இந்தியா 2009இல் தடைசெய்ததன் நோக்கம் மருந்தைக் கூட்டாக மட்டுமே கொடுத்து அதன் ஆயுளை நீட்டிப்பது. 2023இல் உலகில் 26 கோடிப் பேருக்கு மலேரியா வந்து ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் 2015இல் பதிவான 11 லட்சத்து 69 ஆயிரம் நோயாளிகள் 2023இல் 2 லட்சத்து 27 ஆயிரமாகக் குறைந்தது பெரிய சாதனை.

தமிழகத்திலும் புதுச்சேரியிலும் இன்று மலேரியா அருகிவிட்டது. ஆனால் சனிப்பெயர்ச்சிக்கு நாடெங்கிலுமிருந்து பக்தர்கள் குவியும் ஊர் திருநள்ளாறு. மலேரியா நீங்காத மாநிலத்திலிருந்து ஒருவர் உடலில் கிருமியோடு வந்துபோக வாய்ப்பு எப்போதும் உண்டு. வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிப் பிறகு எழும்; அதை ஆர்ட்டிமிசினினாலும் எட்ட முடியாது. அதை ஒழிக்கப் பிரைமாகுயின் மாத்திரையைப் பதினான்கு நாள் விடாமல் சாப்பிடுவது வழக்கமான சிகிச்சை. குளிரும் நடுக்கமுமாக விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை.

சாறு வேறு, குடிநீர் வேறு

டு யூயூவின் வெற்றியிலிருந்து தமிழகம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் செடியைவிடச் செய்முறையில்தான் அதிகம் இருக்கிறது. ஏட்டில் மூலிகையின் பெயர் மட்டும் தகவல் அல்ல. ஊறவை, பிழி, முழுவதும் குடி என்ற சொற்களும் தகவல். இந்த நுட்பத்தைச் சித்த மருத்துவம் மிக விரிவாகவே வகுத்து வைத்திருக்கிறது. அக மருந்துகள் முப்பத்திரண்டு, புற மருந்துகள் முப்பத்திரண்டு என்று வடிவங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சொல்கிறது. சுரசம், சாறு, குடிநீர், கற்கம், உட்களி, அடை ஆகிய முதல் ஆறுக்கும் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். பச்சிலையைப் பிழிந்த சாறும் சரக்கைக் காய்ச்சி வற்றவைத்த குடிநீரும் அந்த மரபில் வெவ்வேறு மருந்துகள்.

இன்றைய புழக்கத்தில் இந்த வேறுபாடு மங்கிக்கொண்டிருக்கிறது. டெங்கு பரவிய 2012 முதல் தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரைப் பெருமளவில் வழங்கியது; நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு கொண்டது. 2020இல் பதினைந்து சரக்கு கொண்ட கபசுரக் குடிநீர் வீடுதோறும் போனது. இவை குடிநீர் வகையிலேயே வகுக்கப்பட்டவை, காய்ச்சுவது சரி. ஆனால் பச்சிலை வைத்தியம் என்றாலே பொடியை வாங்கிக் கொதிக்கவைப்பது என்ற எண்ணம் மக்களிடம் படிந்துவிட்டது. ஆய்வுக்கூடங்களிலும் பல நேரம் உலர்ந்த பொடியை ஆல்கஹாலிலோ வெந்நீரிலோ போட்டுச் சாறு இறக்கி, பலன் இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஏடு பச்சைச் சாற்றைச் சொல்லியிருந்தால் அந்தச் சோதனை ஏட்டைச் சோதித்ததாகாது. சிங்ஹாவையும் அப்படித்தான் ஒதுக்க இருந்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஏட்டில் இருப்பதாலேயே ஒரு மருந்து பலிக்கும் என்று சொல்வதும் ஏட்டுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. டு யூயூ குழு சோதித்த சுமார் 200 மூலிகைகளில் உலகத்துக்குப் பயன்பட்டது ஒன்று. மற்றவை பழைய நூல்களில் புகழ்பெற்றவைதான். எலிகளின் இரத்தத்தில் தோற்றன. அந்தத் தோல்விகளை மறைக்காமல் குறித்துவைத்ததால்தான் வென்றதை நம்ப முடிந்தது.

அப்படி ஒரு தேடலுக்கு வேண்டிய எல்லாமே இந்தப் பகுதியில் இருக்கின்றன. காரைக்காலைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்த அதே தஞ்சை அரசமரபில் பின்னாளில் வந்த இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் நாட்டு வைத்தியரையும் மேல்நாட்டு மருத்துவரையும் ஒன்றாக வேலைசெய்ய வைத்தவர். அங்கே திரண்ட முறைகள் நோய்வாரியாகச் சரபேந்திர வைத்திய முறைகள் என்று சரஸ்வதி மகால் நூலகத்தால் அச்சிடப்பட்டிருக்கின்றன. அச்சேறாத மருத்துவச் சுவடிகளும் அங்கே உண்டு. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடித் தொகுப்பும் உலர்தாவரத் தொகுப்பும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மலேரியாக் கொசுவையும் கிருமியையும் அறிந்த ஆய்வு மையமும் சித்த மருத்துவ ஆய்வுப் பிரிவும் அதே நகரில். காரைக்காலில் வேளாண் கல்லூரியும் ஜிப்மர் கிளையும் இயங்குகின்றன.

முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல். சுரத்துக்கான முறைகளைச் சுவடிகளிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூலிகை, பாகம், பறிக்கும் பருவம், மருந்தின் வடிவம், மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானம், கொடுக்கும் வேளை ஆகியவற்றைத் தனித்தனியே பதியவேண்டும். வைத்தியப் பரிபாஷையில் ஒரே பெயர் பல செடிகளைக் குறிக்கும். எனவே ஒவ்வொரு பெயருக்கும் உலர்தாவர மாதிரி ஒன்றைச் சேர்த்துவைக்கவேண்டும். பிறகு ஏடு சொன்ன வடிவிலேயே ஒருமுறையும், காய்ச்சிய வடிவில் ஒருமுறையும் சோதிக்கவேண்டும். 1969இல் பெய்ஜிங்கில் எலிகளும் ஈதரும் வருவதற்கு முன்பு 640 முறைகளின் தொகுப்பு மேசைமேல் இருந்தது. இங்கே அந்தத் தொகுப்பைச் செய்யச் சுவடி எழுத்தும் தெரிந்து வைத்தியச் சொற்களும் அறிந்தவர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களோடு உட்கார்ந்து படிக்க இளைய மாணவர்களை இந்த ஆண்டே அனுப்பத் தொடங்கினாலும் வேலை முடியப் பல ஆண்டுகள் ஆகும்.